அம்மா எழுதிக் கொடுத்த அளவு

கம்பவுண்டரம்மா சமைத்ததை முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இரண்டாம் தடவை சாப்பிட வேண்டி வந்தால், "இப்பத்தான் சாப்ட்டுட்டு வந்தேன்" என்பார்கள். அவ்வளவு மோசமா என்றால் அப்படியும் இல்லை. உப்பு சரியாக இருக்கும், உறைப்பு சரியாக இருக்கும், எதுவும் தீய்ந்திருக்காது. ஆனாலும் வாயில் வைத்தால் ஏதோ ஒன்று குறையும். என்ன குறைகிறது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத குறைக்கென்றே நம் ஜனங்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: கைப்பக்குவம் இல்லை. அந்தப் பெயர் ஒருத்திமேல் ஒட்டிவிட்டால் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவள் கம்பவுண்டரம்மாதான். மருந்தியல் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவளை அந்தப் பழைய பெயரால் கூப்பிடுவது நியாயமில்லை. அவளும் முதல் ஆறு மாதம் திருத்திப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், கம்பி ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் மருந்துக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக அவள் இருக்கிறாள். களிம்பு, கண் சொட்டு மருந்து, குழந்தைகளுக்கான சிரப் என்று கடையில் கிடைக்காத அளவுகளில் கலக்க வேண்டியதையெல்லாம் அவள்தான் கலப்பாள். தராசு முள் ஆடி நிற்கும்வரை மூச்சுக்கூட விடமாட்டாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். டாக்டர் சீட்டில் எழுதியது சந்தேகமாக இருந்தால் அவர் போனை எடுக்கும்வரை விடமாட்டாள். சந்தேகம் தீர்ந்தபின் ஒரு சொட்டு கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். "எழுதினவங்களுக்குத் தெரியும். நம்ம வேலை அளக்கறது" என்பாள். இத்தனை வருஷத்தில் அவள் கையால் ஒரு மருந்தும் தப்பாகப் போனதில்லை.

அதே கையோடுதான் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். சமையல் மேடையில் ஒரு சின்னத் தராசு, அளவுக் கரண்டிகள் ஐந்து, பக்கத்தில் பிரித்து வைத்த நோட்டு. உறவுக்காரர்கள் கூடும் இடமெல்லாம் அவள் பெரியப்பா, "இவ சமையலை வெறும் வயித்துல சாப்பிடக்கூடாது, டாக்டரைக் கேட்டுட்டுத்தான் சாப்பிடணும்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்காமல் இருந்தால் 'கோபம் வேற வருது பாரு' என்பார்கள் என்பதால், எல்லாருக்கும் முந்தி அவளே சிரித்துவிடுவாள்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். பெண் தனக்கென்று ஓர் அடுப்பு வைத்துக்கொள்ளக் கிளம்பும்போது, அவள் அம்மா தன் சமையல் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தன் கையாலேயே பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு யாரையும் எழுதச் சொல்லக்கூடாது. நகல் எடுக்கும் இயந்திரம் வந்தபின் அதுவும் கூடாது என்று சேர்த்துக்கொண்டார்கள். வேறு எது கொடுக்கிறார்களோ இல்லையோ, நோட்டு உண்டு.

அவள் கல்யாணம் ஆகிக் கிளம்பியபோது அம்மா இருபது நாள் உட்கார்ந்து எழுதினாள். கட்டம் போட்ட நோட்டு, நீல மை, அறுபத்து நாலு சமையல். ஒவ்வொன்றுக்கும் கிராம், கரண்டி, நிமிஷம். "உனக்குத்தான் எல்லாம் அளவா இருக்கணுமே, அதான் எல்லாத்துக்கும் நம்பர் போட்டிருக்கேன்" என்றாள் அம்மா. இருபத்து நாலு வயசுப் பெண்ணுக்கு அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அம்மா தன்னை இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறாளே என்று பூரித்துப்போனாள். தெரிந்துவைத்திருந்தாள் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

தங்கை அவளைவிட மூன்று வயசு இளையவள். படிப்பு ஏறவில்லை, பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டாள். அதற்காக அவளை யாரும் அடிக்கவில்லை, ஆனால் அக்காவைப் பார் என்று சொல்லாதவர்களும் இல்லை. அக்காவுக்கு மூன்று வருஷம் கழித்து ஒரு பஸ் டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவளுக்கும் அம்மா நோட்டு எழுதிக் கொடுத்தாள். அவ்வளவுதான், ஒரே வருஷத்தில் தங்கையின் கை மணக்கிறது என்று எங்கே பார்த்தாலும் பேச்சு. இன்றைக்கு அவள் வீட்டுப் பின்பக்க அறை முழுக்கப் பெரிய பெரிய பாத்திரங்கள், உதவிக்கு இரண்டு பெண்கள், வாசலில் ஆர்டர் கொடுக்க வரும் ஆட்கள். அவள் செய்யும் எலுமிச்சை கேக்குக்கு நாலு நாள் முன்னாடியே சொல்லிவைக்க வேண்டும். ஒரே அம்மா, ஒரே நோட்டு, ஒருத்திக்கு வாய்த்தது ஒருத்திக்கு வாய்க்கவில்லை என்று சொந்தக்காரர்கள் அதிசயப்படுவார்கள்.

கம்பவுண்டரம்மா சும்மா ஒப்புக்கொண்டுவிடவில்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம், அந்த எலுமிச்சை கேக் கல்லாக வருகிறதே என்று யோசித்து, மூன்று முட்டைக்குப் பதில் ஐந்து முட்டை உடைத்து ஊற்றினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதியிருந்ததைத் தாண்டினாள். அவள் வீட்டுக்காரர், தையல்கடை வைத்திருந்த மனிதர், நாலு துண்டு சாப்பிட்டார். அன்றைக்கு அம்மா வந்திருந்தாள். ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம வீட்டு கேக் இல்லையே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுவாரத்திலிருந்து மறுபடியும் மூன்று முட்டை.

மகள் பிறந்தபோது தங்கை வந்து மூன்று மாதம் கூட இருந்தாள். பிள்ளையோடு கட்டிலில் படுத்திருந்தவளுக்குக் கதவு வழியாகச் சமையல் மேடை தெரியும். தன்னுடைய அடுப்பு, தன்னுடைய பாத்திரம், மேடையில் விரித்து வைத்த தன்னுடைய நோட்டு. தங்கை பக்கத்தைப் புரட்டுகிறாள், பார்க்கிறாள், சமைக்கிறாள். வந்த சாப்பாடோ அமிர்தம். அன்றைக்குத்தான் கம்பவுண்டரம்மா கையை விரித்தாள். நோட்டும் அதே, அடுப்பும் அதே என்றால், கோளாறு தன் கையில்தான் என்று ஒத்துக்கொள்ளாமல் வேறு என்ன செய்வது? அதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூட எதையும் மாற்றிப் பார்க்கவில்லை.

தையல்காரர் நல்ல மனிதர். இருபத்திரண்டு வருஷம் ஒரு குறை சொல்லாமல் சாப்பிட்டார். நடுநடுவே தண்ணீர் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் குடிப்பார். ஐந்து வருஷத்துக்கு முன்னால், நோய் முற்றிப் படுத்திருந்த கடைசி மாதத்தில் ஒரு நாள், "உன் தங்கச்சி செய்யற எலுமிச்சை கேக் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, "வேணாம், சும்மா சொன்னேன்" என்றார். அவளே டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தாள். மூன்று துண்டு சாப்பிட்டார். அப்புறம் கஞ்சித் தண்ணீர்தான். மனிதர் ஆசையாகச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு தன் அடுப்பிலிருந்து வரவில்லையே என்பது இன்றைக்கும் அவளுக்கு ஆறவில்லை.

இப்போது மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. கட்டட நிறுவனம் ஒன்றில் வரைபடம் போடும் வேலை. தனியாக ஒரு வீடு எடுத்தாகிவிட்டது. கிளம்ப எட்டு நாள். கம்பவுண்டரம்மா புது நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்தாள். "எதுக்கும்மா கஷ்டப்படற, போன்ல போட்டோ எடுத்துக்கறேன்" என்ற மகளை முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அதோடு நின்றது. தன் கைக்கு வாய்க்காதது மகள் கைக்காவது வாய்க்கட்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. தங்கைக்கு வாய்க்கவில்லையா, அதே நோட்டில்?

இருபது பக்கம் எழுதியபின் தகராறு வந்தது. மகள் சின்ன வயசில் இருமல் மருந்தைக் கொட்டியதில் வெங்காய ரொட்டியின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிரித்தால் கிழியும். ஒரு சமையலை விட்டுவிட்டு எழுதிக் கொடுக்க அவளுக்கு மனசு வராது. வார விடுமுறை நாளாகப் பார்த்துக் காலையிலேயே தங்கை வீட்டுக்குப் போனாள்.

தங்கை சாமான் வாங்கப் போயிருந்தாள். டிரைவர் மட்டும் இருந்தார்.

"நோட்டா? அவ அதைத் தொட்டே பல வருஷம் ஆச்சு அண்ணி, எல்லாம் மனப்பாடம். அலமாரி மேல கிடக்குது" என்று ஸ்டூல் போட்டு ஏறி, தூசி தட்டி, தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். வெள்ளை மனசுக்காரர். தான் கொடுப்பது என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து வெங்காய ரொட்டியைப் பார்த்து எழுதினாள். எழுதி முடித்துப் பக்கத்தைத் திருப்பினால் எலுமிச்சை கேக். முட்டை ஐந்து என்று இருந்தது.

முதலில் அவள், பாவம், தங்கை நோட்டில் அம்மா தப்பு விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தாள். அடுத்த பக்கம் பார்த்தாள். கோழி வறுவல். தங்கை நோட்டில், கோழியை முதல் நாளே உப்புத் தடவி மூடி வைக்கவும். இவள் நோட்டில், கழுவியதும் போடவும். ரொட்டி மாவு: அங்கே ஈரத்துணி போட்டு இரண்டு மணி நேரம் மூடி வைக்கவும், இங்கே அந்த வரியே இல்லை. வெங்காயம்: அங்கே சின்னத் தீயில் நாற்பது நிமிஷம், இங்கே பத்து. அவள் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மருந்துக் கூடத்தில் இருப்புச் சரிபார்ப்பது போல, முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தாள். ஒட்டிப்போன வெங்காய ரொட்டி போக, அறுபத்து மூன்றில் நாற்பத்தொன்று வேறு வேறாக இருந்தன. ஒத்துப்போன இருபத்திரண்டும் சோறு வடிப்பது, முட்டை அவிப்பது, பால் காய்ச்சுவது என்று கெடுக்கவே முடியாத சமையல்கள்.

இரண்டும் அம்மாவின் கையெழுத்துதான். அதே நீல மை. மறுபடி தன் நோட்டில் எலுமிச்சை கேக் பக்கத்தைத் திருப்பினாள். அந்த 3 கொஞ்சம் தடிப்பாக, எழுதியதன்மேல் எழுதியதாக இருக்கும். இருபத்தேழு வருஷமாக அவள் பார்த்துப் பழகிய எண்தான். அம்மா கவனமாகத் திருத்தியிருக்கிறாள் என்றே நினைத்திருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மூன்றின் தலைக்கு மேல் ஒரு சின்னக் கோடு நீட்டிக்கொண்டிருந்தது. அது ஐந்தின் தலைக்கோடு. அம்மாவின் கை பழக்கதோஷத்தில் உண்மையை எழுதிவிட்டது. அதற்குப் பிறகுதான் அம்மா அதைப் பொய்யாக்கியிருக்கிறாள்.

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். இரண்டு நோட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே கிளம்பினாள்.

நாலு தெரு தள்ளிப் பழைய வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். எழுபத்தாறு வயசு, கண்ணும் காதும் கெட்டியாகவே இருந்தன. மதியச் சாப்பாடு தங்கை வீட்டிலிருந்து தினமும் வந்துவிடும். கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா. இன்னிக்கு லீவா?"

கம்பவுண்டரம்மா இரண்டு நோட்டையும் பிரித்து அம்மா முன்னால் வைத்தாள். அம்மா கண்ணாடியைத் தேடவில்லை. தூரத்திலிருந்து பார்த்ததே போதுமாக இருந்தது.

"அவ குடுத்தாளா?" என்று கேட்டாள்.

"அவ வீட்டுக்காரர் குடுத்தாரு. இது என்னம்மா?"

"எது?"

"நாப்பத்தோரு இடம். எண்ணிட்டேன்."

"எண்ணாம இருப்பியா நீ" என்றாள் அம்மா. அப்புறம் ஒரு பட்டாணியை உரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "நீ வேலைக்குப் போறவ. காலைல எட்டு மணிக்கு ஓடணும். நாப்பது நிமிஷம் வெங்காயம் வதக்கிக்கிட்டு நிப்பியா? உனக்குச் சுருக்கமா இருக்கட்டுமேன்னு குறைச்சு எழுதினேன். பெத்தவ மனசுடி."

அதை நம்பிவிடத்தான் அவளுக்கும் ஆசை. நம்பிவிட்டால் எவ்வளவு நிம்மதி! ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

"அஞ்சு முட்டை உடைக்கறதுக்கும் மூணு முட்டை உடைக்கறதுக்கும் நேரத்துல என்னம்மா வித்தியாசம்?"

அம்மாவின் விரல்கள் நின்றன.

"நானா யோசிச்சு அஞ்சு போட்டு செஞ்சேன். நீ தின்னு பாத்துட்டு, இது நம்ம வீட்டு கேக் இல்லைன்ன. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அதுதானேம்மா நம்ம வீட்டு கேக்?"

அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். இனிமேல் பூசி மெழுகிப் பயனில்லை என்று தெரிந்துவிட்ட முகம். ஆனால் தப்புச் செய்து பிடிபட்ட முகம் இல்லை அது. நியாயம் பேசப் போகிற முகம்.

"உன் பேரு பேப்பர்ல வந்துச்சு, ஞாபகம் இருக்கா? தங்கப் பதக்கம்னு. தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. அன்னிக்கு உன் தங்கச்சி எங்க இருந்தான்னு உனக்குத் தெரியுமா? குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தா. மத்தியானம் வரைக்கும் வெளிய வரல. நான்தான் கதவுக்கு வெளிய உக்காந்து பேசிக்கிட்டே இருந்தேன். உனக்கு அது தெரியாது. நீ எல்லாருக்கும் பதக்கத்தைக் காட்டிக்கிட்டிருந்த."

"அதுக்கு?"

"அதுக்குன்னா என்ன அர்த்தம்? எனக்கு ரெண்டு பொண்ணு. எல்லாம் ஒருத்தி கையிலயே இருந்தா இன்னொருத்தி எங்க போவா? உனக்குப் படிப்பு இருந்துச்சு. அடுப்பையாவது அவளுக்குக் குடுப்போம்னு குடுத்தேன்."

"அவளுக்கு நல்லா எழுதிக் குடுக்க வேண்டியதுதானே. எனக்கு ஏன் தப்பா எழுதணும்?"

"அது போதாது" என்றாள் அம்மா, கொஞ்சமும் தயங்காமல். "நீ எதைத் தொட்டாலும் அவளைவிட நல்லா செய்வ. அளந்து செய்வ. ஒரே நோட்டைக் குடுத்திருந்தா அவளால உன் பக்கத்துல நிக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

அவளைப் பற்றி அம்மா வாயிலிருந்து வந்த பாராட்டுகளிலேயே பெரியது அதுதான். அதைக் கேட்க அவளுக்கு ஐம்பத்தோரு வயசு ஆக வேண்டியிருந்தது.

"நான் மாத்திப் பாத்துக் கண்டுபிடிச்சிருந்தா?"

"நீயா?" அம்மா லேசாகச் சிரித்தேவிட்டாள். "ஒரே ஒரு தடவை மாத்தின. இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னேன், விட்டுட்ட. உன் தங்கச்சிக்கு அப்படி எழுதியிருந்தா மறுநாளே தூக்கிக் கடாசிட்டு, வாய்க்குப் பிடிச்ச மாதிரி செஞ்சிருப்பா. நீ எழுதினதைத் தாண்டமாட்ட. அது தெரிஞ்சுதான் எழுதினேன்."

கம்பவுண்டரம்மா இரண்டு நோட்டையும் மூடிப் பையில் போட்டாள். ஊரெல்லாம் அவளை எதற்காக நம்பியதோ, ஆஸ்பத்திரியில் எதற்காக அவள் தலை நிமிர்ந்து நடந்தாளோ, அதே குணத்தைப் பிடித்து அம்மா அவள் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் இந்த ஏமாற்று ஒரு மாதம் தாங்கியிருக்காது. அவளிடம் இருபத்தேழு வருஷம் தாங்கியது.

"அவரு கடைசியா அவ கேக்கைக் கேட்டாரும்மா" என்றாள். "நான் டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போயி வாங்கிட்டு வந்தேன்."

"மாப்பிள்ளை ஒரு நாளாவது குறை சொன்னாரா? தங்கமான மனுஷன்."

"சொல்லல. அதனாலதாம்மா தாங்க முடியல."

அம்மா வேறு பக்கம் பார்த்தாள். "இப்ப என்ன, ஊரைக் கூட்டிச் சொல்லப்போறியா? அவ பொழப்பே அந்தப் பேருலதான் ஓடுது."

"அவளுக்குத் தெரியுமா?"

அம்மா பட்டாணித் தட்டை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டாள். அதற்குமேல் அவளிடம் கேட்க ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். டிரைவர் சொல்லியிருக்க வேண்டும். வாங்கிய சாமான் பையைக்கூட இறக்கி வைக்காமல், அப்படியே ஓடி வந்திருக்கிறாள். அக்காவின் கையிலிருந்த பையைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று.

"என்னிக்குத் தெரியும் உனக்கு?"

"உனக்குப் பாப்பா பொறந்தப்போ" என்றாள் தங்கை. "மொத நாளே தெரிஞ்சுடுச்சுக்கா. வெங்காயம் பத்து நிமிஷம்னு இருந்துச்சு. அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். வாயை மூடிக்கிட்டு சமைன்னாங்க."

"நோட்டை விரிச்சு வெச்சிருந்தியேடி. பக்கம் பக்கமாப் புரட்டினியே."

"விரிச்சு வெச்சேன். அதைப் பாத்து செய்யல."

மூன்று மாதம். கட்டிலில் இருந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்த மூன்று மாதம். தங்கை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பக்கம் புரட்டியதெல்லாம் நாடகம். அம்மா செய்தது ஒரு தடவை எழுதியதோடு முடிந்தது. இவள் தினமும் மூன்று வேளை செய்திருக்கிறாள்.

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணவே இல்லையா?"

"சொல்லத்தான் இருந்தேன்." தங்கை கைப்பிடிச் சுவரைச் சுரண்டிக்கொண்டே பேசினாள். "அன்னிக்கு நீ கட்டில்ல உக்காந்து சாப்ட்டுட்டு, உனக்கு என்ன கைடின்னு சொன்ன. உன் வாயால என்னைப் பாராட்டி நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்லக்கா. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அடுத்த நாளும் பாராட்டின. அப்படியே சொல்ல முடியாமப் போயிடுச்சு. உனக்குத்தான் எல்லாம் இருந்துச்சே. எனக்கு இருந்தது இது ஒண்ணுதானே."

"எனக்கு எல்லாம் இருந்துச்சா? அவரு படுத்துக்கிட்டுக் கேட்டப்போ டப்பால மூணு துண்டு போட்டுக் குடுத்தியே. அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாது? அஞ்சு முட்டை போடுக்கான்னு? அவருக்கு ஒரே ஒரு தடவை என் கையால செஞ்சு குடுத்திருப்பேனேடி."

தங்கை அழ ஆரம்பித்தாள். கம்பவுண்டரம்மாவுக்கு அழுகை வரவில்லை; அந்த அழுகையைப் பார்க்கப் பிடிக்கவும் இல்லை. சின்ன வயசிலிருந்தே தங்கை அழுதால் கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். இந்தத் தடவை பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நோட்டைக் குடுக்கா" என்றாள் தங்கை. "யாருக்கும் தெரிய வேணாம்."

"என் பொண்ணு கிளம்பினப்புறம் வந்து வாங்கிக்கோ. இப்ப வீட்டுக்குப் போ."

அன்றைக்கே, தன் நோட்டைப் பார்த்து மகளுக்கு எழுதியிருந்த இருபது பக்கத்தையும் கிழித்துப் போட்டாள். முதலிலிருந்து, தங்கை நோட்டைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். வேலை விட்டு வந்ததும் எழுத உட்காருவாள். எழுதுகிற போதே நடந்ததையெல்லாம் துண்டு துண்டாக மகளுக்குச் சொன்னாள். மகள் முதலில் நம்பவில்லை; ஜன்னல் வெளிச்சத்தில் அந்த மூன்றைக் காட்டிய பிறகுதான் நம்பினாள். அம்மாவிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. கம்பவுண்டரம்மா எடுக்கவில்லை. ஆனால் மணி அடித்து ஓயும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு வயசு, இன்னும் எத்தனை நாள், ஒரு நாள் எடுத்துப் பேசித்தான் ஆக வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு பக்கம் இளகிக்கொண்டுதான் வந்தது.

கிளம்புகிற நாள் காலையில் நோட்டு முடிந்தது. மகள் பெட்டியைப் பூட்டிவிட்டு வந்து நோட்டை வாங்கிக்கொண்டாள். நின்றவாக்கில் புரட்டினாள். அறுபத்து நாலு சமையலும் கம்பவுண்டரம்மாவின் குண்டு குண்டான எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தன. மகள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"நீ எதையும் மாத்தலையேம்மா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். கேட்டதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சும்மா சொன்னேம்மா. கோவிச்சுக்காத."

அவளுக்கு மகள்மேல் கோபம் வரவில்லை. நியாயமான கேள்விதான். இந்தக் கதையைக் கேட்ட எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடிய கேள்வி. தன் அம்மா தனக்கு எழுதிக் கொடுத்தபோது அவள் இப்படி ஒரு கேள்வியை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். ருசி போனது போகட்டும், பேர் போனது போகட்டும். அவர் போனதற்கும் அம்மா காரணமில்லை. ஆனால் பெற்ற பெண் தன் முகத்தைப் பார்த்து இப்படிக் கேட்கும்படி செய்துவிட்டாளே! அம்மாவை மன்னித்துவிடலாம் என்று இத்தனை நாள் மனசில் இளகி வந்தது அந்த நிமிஷத்தோடு இறுகிப்போயிற்று.

தங்கையின் நோட்டை எடுத்து வந்து மகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். பென்சிலைக் கையில் எடுத்தாள்.

"உக்காரு. உன் நோட்டை நீ வாசி. நான் இதுல சரி பாக்கறேன்."

"பஸ்ஸுக்கு நேரமாகுதும்மா."

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. வாசி."

மகள் வாசித்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் கம்பவுண்டரம்மா "சரி" என்று சொல்லிக் குறித்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது சமையலில் மகள் நிறுத்தினாள். அவளுக்குக் கண் நிறைந்திருந்தது.

"போதும்மா. நான் உன்னை நம்பறேன்."

"நம்பாத. வாசி."